லவ் என்றால் சுழியம்: புள்ளி சொல்லும் நாற்காலியில் உட்காரப் போகிறவருக்கு

பள்ளி விடுமுறைக் காலத்தில் கோலாலம்பூரின் செந்தூல், பிரிக்பீல்ட்ஸ் வட்டாரங்களில் ஏதாவதொரு மண்டபத்தில் தமிழ்ப்பள்ளி மாணவர்களுக்கான பூப்பந்துப் போட்டி நடந்துகொண்டிருக்கும். களங்கள் நான்கு இருக்கும். ஆட வந்த பிள்ளைகள் அறுபது பேர் இருப்பார்கள். பயிற்சி பெற்ற நடுவர்களோ இருவர்தான். மீதி இரண்டு களங்களுக்கு நடுவர் எங்கிருந்து வருவார் என்றால், சுவரோரமாக நெகிழி நாற்காலியில் உட்கார்ந்து நாசி லெமாக் பொட்டலத்தைப் பிரித்துக்கொண்டிருக்கும் தகப்பன்மார்களிலிருந்துதான் வருவார். ஏற்பாட்டாளர் அருகில் வந்து, "சார், பாய்ண்ட் மட்டும் சொன்னா போதும்" என்று தாளையும் பென்சிலையும் கையில் திணித்துவிட்டுப் போய்விடுவார். சில ஆண்டுகளுக்கு முன் அப்படிப் பிடித்து உட்கார வைக்கப்பட்டவர்களில் நானும் ஒருவன். அடுத்து அந்த நாற்காலியில் உட்காரப் போகிறவருக்காகவே இதை எழுதுகிறேன்.

அங்கே உட்கார்ந்தவர் முதன்முதலில் சொல்லவேண்டிய சொல்லே சற்றுச் சங்கடமானது. ஆட்டம் தொடங்கும்போது இரு தரப்பிலும் புள்ளி இல்லை என்பதை "லவ் ஆல், ப்ளே" என்று அறிவிக்க வேண்டும். நான் அன்று அதைச் சொன்னதும், அடுத்த ஆட்டத்துக்காக வரிசையில் நின்ற ஐந்தாம் ஆண்டு மாணவர்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். பேத்தியின் ஆட்டத்தைப் பார்க்க வந்திருந்த ஒரு பாட்டி பக்கத்தில் இருந்தவரிடம், "என்னப்பா, எல்லாருக்கும் லவ்வாமே?" என்று கேட்டது என் காதிலும் விழுந்தது. அடுத்த ஆட்டத்திலிருந்து கூச்சப்பட்டுக்கொண்டு "சீரோ சீரோ" என்று சொல்லத் தொடங்கினேன். அது தவறு என்று மேசையில் இருந்த மூத்த நடுவர் மெதுவாக வந்து சொன்ன பிறகுதான் இந்தச் சொல்லுக்கென்று ஓர் இடமும் ஒரு வேலையும் இருப்பது எனக்குப் புரிந்தது.

இங்கே லவ் என்பதற்குக் காதல் என்றோ அன்பு என்றோ பொருள் இல்லை. அந்தத் தரப்பு இன்னும் புள்ளி எதுவும் எடுக்கவில்லை என்பதே பொருள். ஆல் என்பது இரு தரப்புக்கும் அதே கணக்கு என்பதைக் குறிக்கும். ஆகவே இருவரும் சுழியத்தில் இருந்தால் லவ் ஆல், இருவரும் ஐந்தில் இருந்தால் ஃபைவ் ஆல், ஒருவர் மூன்று புள்ளி எடுத்து மற்றவர் எதுவும் எடுக்காமல் இருந்தால் த்ரீ-லவ். பூப்பந்து, டென்னிஸ், ஸ்குவாஷ் ஆகிய மட்டை விளையாட்டுகளில் இந்தச் சொல் வழங்குகிறது. காற்பந்திலும் ஹாக்கியிலும் கிரிக்கெட்டிலும் வழங்குவதில்லை. பூப்பந்து என்று நான் எழுதுமிடங்களைத் தமிழ்நாட்டு வாசகர்கள் இறகுப்பந்து என்று படித்துக்கொள்ள வேண்டும். அங்கே பூப்பந்து என்றால் கம்பளிப் பந்தைக் கொண்டு ஆடும் வேறோர் ஆட்டம். மலேசியாவிலோ நாளிதழ் முதல் பள்ளி அறிவிப்புப் பலகை வரை ஷட்டலைக் கொண்டு ஆடும் ஆட்டத்துக்கே அந்தப் பெயர் நிலைத்துவிட்டது.

சுழியத்துக்கு ஏன் இந்தச் சொல் வந்தது என்று பிள்ளைகள் கட்டாயம் கேட்பார்கள். அவர்களுக்குச் சொல்ல ஒரு பதில் கைவசம் இருக்க வேண்டும். பரவலாகச் சொல்லப்படும் கதை முட்டைக் கதை. பிரெஞ்சு மொழியில் முட்டையைக் குறிக்கும் சொல் ஏறத்தாழ "லெஃப்" என்று ஒலிக்கும், சுழியம் முட்டை வடிவில் இருக்கும், அந்தச் சொல்தான் ஆங்கிலேயர் வாயில் லவ் என்று திரிந்தது என்பது அந்தக் கதை. கேட்பதற்கு நன்றாகத்தான் இருக்கிறது. நமக்கும் உடனே பிடித்துப்போகும், ஏனென்றால் கணக்குப் பரீட்சையில் முட்டை வாங்கிய பையன் இல்லாத தமிழ் வகுப்பறை எங்கும் இல்லை. ஆனால் பிரெஞ்சுக்காரர்களே டென்னிஸ் ஆடும்போது தங்கள் மொழியில் பதினைந்து-சீரோ என்றுதான் சொல்கிறார்கள். முட்டை அவர்கள் புள்ளிக்கணக்கில் இல்லை. எதிராளிக்குப் புள்ளியே கொடுக்காமல் வென்ற கேமை அவர்கள் வெள்ளை ஆட்டம் என்று பொருள்படும் சொல்லால் குறிக்கிறார்கள். சொந்த வீட்டில் இல்லாத முட்டை அடுத்த வீட்டுக்கு எப்படிப் போயிருக்கும் என்று கேட்டால் அந்தக் கதையில் பதில் இல்லை.

முட்டையை உண்மையிலேயே புள்ளிக்கணக்குக்குள் கொண்டுவந்தது கிரிக்கெட். ஓட்டம் எடுக்காமல் ஆட்டமிழந்தவரின் பெயருக்கு எதிரே விழும் சுழியத்தை வாத்து முட்டை என்று கேலி செய்து, பிறகு முட்டையை விட்டுவிட்டு வாத்தை மட்டும் வைத்துக்கொண்டதால்தான் டக் என்ற சொல் கிடைத்தது. நம் பையன்கள் அதோடு அவுட்டையும் சேர்த்து டக் அவுட் என்கிறார்கள். 1948 ஆகஸ்ட் 14 அன்று ஓவல் மைதானத்தில் டொனால்ட் பிராட்மன் தம் கடைசி இன்னிங்ஸில் எரிக் ஹாலிஸ் வீசிய பந்தில் வாங்கிய டக் உலகத்திலேயே பெயர்பெற்றது. அன்று நான்கே ஓட்டங்கள் எடுத்திருந்தால் அவருடைய டெஸ்ட் சராசரி 100 ஆகியிருக்கும், எடுக்காததால் 99.94இல் நின்றது.

லவ் என்ற சொல்லுக்கு அறிஞர்கள் கூடுதலாக நம்பும் விளக்கம் வேறு. ஆங்கிலத்தில் பணம் வைக்காமல், ஆட்டத்தின் மீதுள்ள விருப்பத்துக்காக மட்டும் ஆடுவதை லவ்வுக்காக ஆடுவது என்று சொல்லும் வழக்கம் இருந்தது. கையில் ஒன்றும் இல்லாதவன் வேறு எதற்காக ஆடிக்கொண்டிருப்பான், விருப்பத்துக்காகத்தான் ஆடுகிறான் என்ற எண்ணத்திலிருந்து, ஒன்றும் எடுக்காத கணக்குக்கே அந்தப் பெயர் வந்துவிட்டது. 18ஆம் நூற்றாண்டிலேயே சீட்டாட்டத்தில் புள்ளி சொல்ல இந்தச் சொல் பயன்பட்டிருக்கிறது. விம்பிள்டனில் முதல் போட்டி நடந்ததோ 1877இல்தான். தீபாவளிக்கு மறுநாள் வீட்டில் சித்தப்பாவும் மாமாவும் காசு வைத்துச் சீட்டாடுவதையும், பிள்ளைகளைச் சேர்த்துக்கொண்டால் தீக்குச்சி வைத்துச் சும்மா ஆடுவதையும் பார்த்தவர்களுக்கு இந்த விளக்கம் எளிதில் பிடிபடும். அந்தச் சும்மாவைத்தான் ஆங்கிலத்தில் லவ் என்றார்கள். பாட்டிக்கு நான் பின்னர் சொன்ன பதில் இன்னும் சுருக்கமானது. நாமும் சுழியத்தைப் பூஜ்யம் என்கிறோம், பூஜ்யம் என்ற சொல்லுக்கு வணக்கத்துக்குரியது என்றும் பொருள் உண்டு, அவர்கள் ஒன்றுமில்லாததை அன்பு என்றால் நாம் வணக்கம் என்கிறோம் பாட்டி என்றேன். பாட்டி ஒப்புக்கொண்டாரா என்று தெரியவில்லை. தலையை மட்டும் ஆட்டினார்.

இனி நாற்காலிக்கு வருவோம். நாணயம் சுண்டி, யார் முதலில் சர்வீஸ் போடுவது, யார் எந்தப் பக்கம் நிற்பது என்பது முடிவான பின், இரு தரப்பையும் அறிமுகப்படுத்த வேண்டும்: என் வலப்பக்கம் இன்னார், என் இடப்பக்கம் இன்னார், சர்வீஸ் போடுபவர் இன்னார், லவ் ஆல், ப்ளே. இந்த வரிசையில் ப்ளே என்பது எப்போதும் கடைசிச் சொல்லாக இருக்க வேண்டும். அதைச் சொல்லும் முன் ஆட்டம் தொடங்கியதாகக் கணக்கில்லை. லவ் ஆல் என்று சொல்லிவிட்டு ஷட்டலை எடுத்துக் கொடுக்கவோ பிள்ளைகளின் காலணி நாடாவைக் கட்டச் சொல்லவோ இடையில் நிறுத்தினால், மீண்டும் லவ் ஆல் என்றே தொடங்கிப் ப்ளே என்று முடிக்க வேண்டும். முதல் சர்வீஸிலேயே லெட் ஆகி, அதாவது அது கணக்கில் சேராமல் மீண்டும் போட வேண்டிவந்து, புள்ளி யாருக்கும் போகாவிட்டாலும் அப்படியேதான். இரண்டாவது ஆட்டம் தொடங்கும்போதும், ஒன்றுக்கு ஒன்று என்றாகி மூன்றாவது ஆட்டம் தேவைப்படும்போதும் அதே லவ் ஆல் திரும்ப வரும். நம் ஊரில் முதல் செட், இரண்டாவது செட் என்று பேசிவிடுகிறோம். பூப்பந்து விதிகளில் அதற்கு கேம் என்றே பெயர், செட் என்பது டென்னிஸுக்கு உரியது. பேச்சில் செட் என்றால் குற்றமில்லை, நாற்காலியில் இருக்கும்போது மட்டும் கேம் என்று சொல்லிப் பழகுவது நல்லது.

புள்ளி சொல்லும்போது சர்வீஸ் யாரிடம் இருக்கிறதோ அவருடைய எண் முதலில் வர வேண்டும். முன்னிலையில் இருப்பவர் யார், நடுவரின் வலப்பக்கம் இருப்பவர் யார் என்பதெல்லாம் இதற்குப் பொருட்டல்ல. ஒரு சர்வீஸிலிருந்து ஷட்டல் கீழே விழும் வரை மாறிமாறி அடிப்பதை ராலி என்பார்கள். முதல் சர்வீஸைப் போட்டவரே ராலியை வென்றால் வெறுமனே ஒன்-லவ். எதிரே நின்று அந்தச் சர்வீஸைப் பெற்றவர் வென்றால் சர்வீஸ் கைமாறுகிறது என்பதைச் சொல்லிவிட்டுப் புள்ளியைச் சொல்ல வேண்டும்: சர்வீஸ் ஓவர், ஒன்-லவ். இரண்டு நேரங்களிலும் எண் ஒன்றுபோல இருந்தாலும் அந்த ஒன்று யாருடையது என்பது மாறிவிடுகிறது என்பதைக் கவனிக்க வேண்டும்.

நான் முதல் நாள் சறுக்கியது இந்த இடத்தில்தான். இளமையில் கொஞ்சம் டென்னிஸ் பார்த்த பழக்கத்தில், முதல் சர்வீஸைப் பெற்றவர் ராலியை வென்றதும் நான் "லவ்-ஒன்" என்று கூவிவிட்டேன். தாளில் புள்ளி எழுதிக்கொண்டிருந்த மாணவன் நான் சொன்னதை அப்படியே நம்பிப் புள்ளியை எதிர்த் தரப்பின் கட்டத்தில் எழுதிவிட்டான். அது யாருக்கும் தெரியவில்லை. எட்டாவது, ஒன்பதாவது புள்ளி வந்தபோது பயிற்றுநர் ஒருவர் எழுந்து வந்து, தம் மாணவனுக்கு ஒரு புள்ளி குறைகிறது என்றார். அடுத்தவர் இல்லை என்றார். இரண்டு பிள்ளைகளும் வலைக்கு இருபுறமும் நின்றுகொண்டு பெரியவர்கள் விரல் விட்டு எண்ணுவதைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மூத்த நடுவர் வந்து தாளை வாங்கிப் பார்த்து, முதல் கட்டத்தில் விரலை வைத்து, "இதுல லவ் முன்னாடி வராது ஐயா" என்றார்.

அவர் சொன்னதை அன்று நான் ஒரு வழக்கம் என்று நினைத்துக்கொண்டேன். வீட்டுக்குப் போய் யோசித்தபோதுதான் அது கணக்கு என்று புரிந்தது. இன்றைய பூப்பந்தில் ராலியை யார் வென்றாலும் அவருக்குப் புள்ளி, அடுத்த சர்வீஸும் அவருக்கே. ஆகவே ஆட்டத்தின் முதல் சர்வீஸைத் தவிர்த்து வேறு எந்தச் சர்வீஸைப் போடுபவரும் சற்றுமுன் ஒரு புள்ளி எடுத்தவராகவே இருப்பார். அவர் கணக்கில் குறைந்தது ஒன்று இருக்கும். சர்வீஸ் போடுபவரின் எண் முதலில் வரும் என்பதால், அந்த இடத்தில் லவ் வருவதற்கு வழியே இல்லை. லவ் ஆல் என்ற தொடக்கத்தைத் தாண்டிவிட்டால், லவ் எப்போதும் இரண்டாவதாகத்தான் வரும்: ஒன்-லவ், ஃபோர்-லவ், நைன்-லவ். நாற்காலியில் இருக்கும்போது உங்கள் வாயிலிருந்து லவ்-ஒன் என்றோ லவ்-த்ரீ என்றோ வந்துவிட்டால், எண்களை மாற்றிச் சொல்லிவிட்டீர்கள் என்று அந்தக் கணமே தெரிந்துகொள்ளலாம். தாளைப் பார்க்கத் தேவையில்லை.

மண்டபத்தில் ஐம்பது வயதைக் கடந்தவர்கள் இதை மறுக்கக்கூடும்; அவர்கள் பழகிய ஆட்டத்தில் லவ் முன்னால் வந்தது உண்மைதான். பழைய முறையில் சர்வீஸ் போடுபவர் வென்றால் மட்டுமே புள்ளி ஏறும். பெறுபவர் வென்றால் சர்வீஸ் மட்டும் கைமாறும். ஆண்கள் ஒற்றையரும் இரட்டையர் ஆட்டங்களும் 15 புள்ளிக்கும், பெண்கள் ஒற்றையர் 11 புள்ளிக்கும் நடந்தன. ஆறு புள்ளி பின்தங்கி ஒன்றும் எடுக்காமல் இருந்தவர் போராடிச் சர்வீஸைக் கைப்பற்றினால், நடுவர் சர்வீஸ் ஓவர், லவ்-சிக்ஸ் என்று சொல்வார். 1992இல் ஸ்டேடியம் நெகாராவில் மலேசியா இந்தோனேசியாவை 3-2 என்று வென்று ஆண்கள் குழுப் பூப்பந்துக்கான தாமஸ் கிண்ணத்தைக் கைப்பற்றிய இரவைப் பார்த்தவர்கள் காதில் இருப்பது அந்த முறைதான். ராலிக்கு ஒரு புள்ளி, ஆட்டத்துக்கு 21 புள்ளி என்ற முறை 2006இல் நடைமுறைக்கு வந்தது. அதைக் கொண்டுவருவதில் முன்னின்றவர்களுள் ஒருவர் நம் பஞ்ச் குணாளன் என்பதை இங்கே சொல்லாமல் போக மனமில்லை. சிரம்பானில் பிறந்து, 1971இல் இங் பூன் பீயுடன் இணைந்து அகில இங்கிலாந்து இரட்டையர் பட்டத்தை வென்று, 1974இல் அதே போட்டியின் ஒற்றையர் இறுதி வரை போன அவர், பிற்காலத்தில் அனைத்துலகப் பூப்பந்துச் சம்மேளனத்தின் துணைத்தலைவராக இருந்தார். சம்மேளனத்தின் தலைமையகமும் 2005 முதல் கோலாலம்பூரில்தான் இயங்குகிறது. லவ் என்ற சொல்லை முன்னிடத்திலிருந்து பின்னிடத்துக்குத் தள்ளியதில் ஒரு தமிழருக்கும் பங்கு உண்டு என்று நான் பெருமையாகச் சொல்வது வழக்கம். கேட்பவர்கள் பாதிப் பேர் சிரிப்பார்கள்.

சுழியத்துக்கு இன்னொரு வேலையும் உண்டு. சர்வீஸ் போடுபவரின் புள்ளி இரட்டைப்படையாக இருந்தால் வலப்பக்கக் கட்டத்திலிருந்தும், ஒற்றைப்படையாக இருந்தால் இடப்பக்கக் கட்டத்திலிருந்தும் சர்வீஸ் போட வேண்டும். சுழியம் இதில் இரட்டைப்படையோடு சேரும். லவ் ஆலில் சர்வீஸ் வலப்பக்கத்திலிருந்து போடப்படுவது அதனால்தான். இதுவரை எல்லாப் பிள்ளைகளும் சரியாகவே செய்துவிடுவார்கள். குழப்பம் அடுத்தவரின் முதல் சர்வீஸில் வருகிறது. முதலில் சர்வீஸைப் பெற்றவர் எடுக்கும் முதல் புள்ளி அவரை ஒன்றுக்குக் கொண்டுபோகும், ஒன்று ஒற்றைப்படை, ஆகவே அந்த ஆட்டத்தில் அவர் போடும் முதல் சர்வீஸ் எப்போதும் இடப்பக்கத்திலிருந்துதான் இருக்கும். முதல் சர்வீஸ் என்றாலே வலப்பக்கம் என்று மனப்பாடம் செய்த பிள்ளைகள் இதில் தவறுவது இயல்பு. இரட்டையர் ஆட்டத்திலும் கணக்கு அதேதான்: சர்வீஸ் ஓவர், ஒன்-லவ் என்றதும் அந்த நேரத்தில் இடப்பக்கக் கட்டத்தில் நிற்பவர்தான் சர்வீஸ் போட வேண்டும், கூடுதல் திறமை உள்ளவர் யார் என்று அவர்கள் தங்களுக்குள் பேசி முடிவு செய்ய முடியாது.

ஒரு முறை நான்காம் ஆண்டுச் சிறுமி ஒருத்தி, தன்னைவிட ஒரு தலை உயரமான ஒருத்தியோடு ஆடினாள். லெவன்-லவ் என்றபோது இடைவேளை வந்தது, 60 விநாடிகள். அவள் தண்ணீர் குடிக்கப் போகவில்லை. மட்டையின் பிடியில் சுற்றியிருந்த நாடா அவிழ்ந்து தொங்கியதைத் திரும்பத் திரும்பச் சுற்றிக்கொண்டு நின்றாள். சிக்ஸ்டீன்-லவ், செவன்டீன்-லவ் என்று நான் சொல்லிக்கொண்டே போக வேண்டியிருந்தது. பிறகு உயரமான பெண் அடித்த ஷட்டல் வலையின் மேல் நாடாவில் பட்டு அவள் பக்கமே விழுந்தது. "சர்வீஸ் ஓவர், ஒன்-செவன்டீன்." சிறுமி ஓடிவந்து ஷட்டலை எடுத்துக்கொண்டு, அன்றைய தன் முதல் சர்வீஸைப் போட நேராக வலப்பக்கக் கட்டத்தில் போய் நின்றாள். நான் இடது கையை நீட்டிக் காட்டினேன். அவள் இடப்பக்கம் தாவினாள். சிறுவர் ஆட்டத்தில் இப்படிக் கையால் காட்டிவிடுவதில் தவறு இருப்பதாக நான் நினைக்கவில்லை. நடுவரும் கவனிக்காமல் தவறான கட்டத்திலிருந்து சர்வீஸ் போய்விட்டால், கண்டுபிடிக்கப்பட்டவுடன் இடத்தை மட்டும் திருத்த வேண்டும்; அதுவரை எடுத்த புள்ளிகள் அப்படியே நிற்கும்.

அந்த ஆட்டத்தில்தான் லவ் என்ற சொல்லைச் சொல்லும் குரலைப் பற்றியும் யோசிக்க நேர்ந்தது. பதினேழு முறை அதைக் கேட்கும் பிள்ளைக்கு அது சுழியம் என்று தெரியும். நடுவர் அந்தச் சொல்லை அழுத்தியோ இழுத்தோ சொல்லத் தேவையில்லை. பரிதாபப்பட்டு முணுமுணுக்கவும் கூடாது, ஏனென்றால் களத்தின் மறுகோடியில் இருப்பவருக்கும் கேட்டாக வேண்டும். எண்ணைச் சொல்லும் அதே குரலில் லவ்வையும் சொல்லிவிடுவதே முறை. சீரோ என்பதைவிட லவ் நல்லது என்று எனக்குத் தோன்றியதும் அன்றுதான். பத்து வயதுப் பிள்ளையின் பெயருக்குப் பக்கத்தில் சீரோ என்று பதினேழு முறை மண்டபம் அதிரச் சொல்வது வேறு மாதிரி ஒலிக்கும். முட்டை என்று மட்டும் விளையாட்டுக்குக்கூட நாற்காலியிலிருந்து சொல்லக் கூடாது. 20ஐத் தொட்டதும், இன்னும் ஒரு புள்ளி எடுத்தால் கேம் முடியும் என்பதைக் குறிக்கும் கேம் பாய்ண்ட் சேர்ந்துகொள்ளும். எதிராளி இன்னும் ஒன்றும் எடுக்காமல் இருந்தால் ட்வென்ட்டி கேம் பாய்ண்ட் லவ் என்று வரும். சிறுவர் போட்டிகளில் இதைச் சொல்ல வேண்டிய நாளும் வரும்.

டென்னிஸில் நடுவராக உட்காரும் வாய்ப்பு நம்மில் பலருக்கு வராது. தொலைக்காட்சியில் புரிந்துகொள்ளும் அளவுக்குச் சொல்லிவிடுகிறேன். அங்கே புள்ளிகள் 15, 30, 40 என்று ஏறும். ஒரு கேம் முழுக்க ஒருவரே சர்வீஸ் போடுவார், ஆனால் புள்ளி யாருக்கும் போகலாம். ஆகவே லவ் முன்னாலும் வரும், பின்னாலும் வரும்: சர்வீஸ் போடுபவர் புள்ளி எடுத்தால் ஃபிஃப்டீன்-லவ், எதிராளி எடுத்தால் லவ்-ஃபிஃப்டீன். எதிராளி ஒரு புள்ளிகூட எடுக்காமல் முடிந்தால் அது லவ் கேம். ஒரு செட் 6-0 என்று முடிந்தால், அந்தச் சுழியத்தின் வடிவத்தைப் பார்த்து அமெரிக்கர்கள் பேகல் என்ற வட்ட ரொட்டியின் பெயரைச் சொல்கிறார்கள். நம் ஊர்க்காரர்கள் சொல்லியிருந்தால் அது உளுந்து வடை ஆகியிருக்கும். பெரிய இறுதியாட்டங்களில் இது அரிது: 1988 பிரெஞ்சு ஓப்பனில் ஸ்டெஃபி கிராஃப் நடாஷா ஸ்வெரெவாவையும், 2025 விம்பிள்டனில் இகா ஸ்வியாதெக் அமாண்டா அனிசிமோவாவையும் 6-0, 6-0 என்று வென்றார்கள். டென்னிஸில் ஒரே ஓர் இடத்தில் லவ் விலகிக்கொள்கிறது. 6-6 என்றானதும் ஆடும் டை-பிரேக்கில் புள்ளிகள் 1, 2, 3 என்று எண்ணப்படுவதால், விதியிலேயே சுழியத்துக்குச் சீரோ என்ற சொல் வைக்கப்பட்டிருக்கிறது.

ஸ்குவாஷ் பினாங்கின் நிக்கோல் டேவிட்டால் நம் வீடுகளுக்குள் வந்த ஆட்டம். எட்டு முறை உலகப் பட்டம் வென்றவர் அவர். அங்கேயும் தொடக்கம் லவ் ஆல்தான், அங்கேயும் இப்போது ராலிக்கு ஒரு புள்ளி என்பதால், லவ் முன்னால் வராது என்ற பூப்பந்துக் கணக்கே பொருந்தும்.

மற்ற விளையாட்டுகளுக்கு இந்தச் சொல்லை எடுத்துச் செல்லக் கூடாது. காற்பந்தில் ஆங்கில வருணனையாளர் நில் என்பார். டூ-லவ் என்று ஒரு காற்பந்து முடிவைச் சொன்னால் ஆட்டம் தெரியாதவர் என்று முகத்தில் எழுதி ஒட்டிக்கொண்ட மாதிரி ஆகிவிடும். மலேசியாவில் எல்லா ஆட்டங்களுக்கும் பொதுவாக நாம் வாய்விட்டுச் சொல்வது கோசோங் என்ற மலாய்ச் சொல். தே ஓ என்ற பாலில்லாத தேநீர் சீனியில்லாமல் வேண்டும் என்றால் கோசோங், தொலைபேசி எண்ணில் வரும் சுழியமும் கோசோங், பந்து வலைக்குள் போகாத ஆட்டமும் கோசோங்-கோசோங். நோன்புப் பெருநாள் அன்று மலாய் நண்பர்கள் கைகொடுத்து மன்னிப்புக் கேட்டுவிட்டு, நமக்குள் இனிக் கோசோங்-கோசோங் என்பார்கள். பழைய மனத்தாங்கல்கள் இரு தரப்பிலும் அழிந்து கணக்கு புதிதாகத் தொடங்குகிறது என்று பொருள். லவ் ஆல் என்ற சொல்லுக்கு இதைவிடப் பொருத்தமான மொழிபெயர்ப்பை நான் கேட்டதில்லை. ஆனாலும் நாற்காலியிலிருந்து அதைச் சொல்வதில்லை.

தமிழில் எழுதும்போது என்ன செய்வது என்ற கேள்வி பள்ளி ஆண்டு மலர் தயாரிக்கும் ஆசிரியர்களுக்கு வரும். ஒரு மலரில் டென்னிஸ் செய்தி ஒன்று "15-காதல் என்ற நிலையில்" என்று அச்சாகியிருந்ததை நானே பார்த்தேன். கைப்பேசி மொழிபெயர்ப்பை யாரோ சரிபார்க்காமல் ஒட்டியிருக்கிறார்கள். எழுத்தில் லவ் தேவையே இல்லை. 21-0 என்று எண்ணாகவே எழுதி, வாசிக்கும்போது இருபத்தொன்றுக்குச் சுழியம் என்று வாசிக்கலாம். பூஜ்யம் என்றோ, தோட்டத்துப் பெரியவர்கள் சொன்னதுபோல் சைபர் என்றோ வாசித்தாலும் பிழையில்லை. நான் சுழியம் என்பதையே விரும்புகிறேன். நடுவர் சொன்னதை அப்படியே மேற்கோளாகத் தரும் இடத்தில் மட்டும் லவ் ஆல் என்று தமிழ் எழுத்தில் எழுதிவிட்டால் போதும். புள்ளித் தாளில் எழுதுவதும் 0தான். லவ் வாயால் சொல்வதற்கு மட்டுமே உரிய சொல்.

தமிழ்ப்பள்ளிப் போட்டிதானே, புள்ளியைத் தமிழிலேயே சொல்லலாமே என்று சிலர் கேட்கிறார்கள். வெற்றியாளரை அறிவிப்பதையும் அறிமுகம் செய்வதையும் நல்ல தமிழில் செய்யலாம், செய்யவும் வேண்டும். லவ் ஆல், சர்வீஸ் ஓவர், கேம் பாய்ண்ட் ஆகிய சொற்களை மட்டும் இருக்கிறபடியே விட்டுவிடுவது பிள்ளைகளுக்கு உதவும் என்பது என் கருத்து. பெரிய போட்டிகளுக்குப் போகும்போது அவர்கள் காதில் விழப்போவது அந்தச் சொற்கள்தான். முதன்முறையாக அங்கே கேட்டு வாயைப் பொத்திச் சிரித்துக்கொண்டிருந்தால் முதல் சர்வீஸ் பின்னால் விழுந்துவிடும்.

கடைசியாக, மண்டபங்களில் இருக்கும் புரட்டு அட்டைப் பலகையைப் பற்றி ஒன்று. ஓர் ஆட்டம் முடிந்து பிள்ளைகள் கைகுலுக்கிக்கொண்டு போனதும், அடுத்தவர்கள் அவசரமாகக் களத்துக்குள் வந்துவிடுவார்கள். பலகையைப் புரட்டும் மாணவன் குளிர்பானம் வாங்கப் போயிருப்பான். அட்டை 21-17 என்றே காட்டிக்கொண்டிருக்கும். அவன் திரும்பி வந்து இரண்டு பக்கமும் 0ஐத் திருப்பி வைக்கும் வரை காத்திருந்து, அதன் பிறகே லவ் ஆல் என்று வாயைத் திறக்க வேண்டும்.